பில்லில் இருக்கும் வரி, வரியே இல்லை

அமெரிக்க நகரம் ஒன்றில் ஓட்டலைக் காலி செய்யும்போது தரும் பில்லை எடுத்துக்கொள்வோம். அறை வாடகை 200 டாலர். அடுத்த வரியில் தங்கல் வரி 12%, அதாவது 24 டாலர். அதற்கும் கீழே, பெரும்பாலானோர் படிக்காமலே மடித்து வைக்கும் இடத்தில், ‘சுற்றுலா மாவட்டக் கட்டணம் 2%’ என்று ஒரு 4 டாலர். மொத்தம் 228. இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகின்றன. ஆனால் 24 டாலர் போய்ச் சேரும் இடம் வேறு, 4 டாலர் போய்ச் சேரும் இடம் வேறு. செலவழிக்கும் கையும் வேறு, வழக்கு வந்தால் பேசும் சட்டமும் வேறு. பில்லில் அது ஒரு வரி. சட்டத்தில் அது வரி இல்லை.

விகிதம் ஒன்றா, ஒன்றரையா, இரண்டா என்று நகர மன்றங்கள் மாதக்கணக்கில் மல்லுக்கட்டும். அது வரியா கட்டணமா, விதிக்கப்படுவது விருந்தினர் மீதா விடுதி மீதா என்பதை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடும். தலைகீழ் வேலை. விகிதத்தை அடுத்த ஆண்டு மாற்றலாம். அடிப்படையைத் தப்பாக எழுதினால் பத்து வருடம் கோர்ட்டில் அலைய வேண்டும்.

முதலில் வரியைப் பார்ப்போம். தங்குபவர்தான் வரி கட்டுபவர், விடுதி வெறும் வசூல்காரர். வசூலானது நகரத்தின் பொதுக் கருவூலத்துக்குப் போகும். அங்கே போன பிறகு அதற்கு முகவரி கிடையாது. சாலைக்குப் போகலாம், போலீஸ் சம்பளத்துக்குப் போகலாம், கடன் வட்டிக்கும் போகலாம். ‘ஊருக்கு நிறையப் பேர் வரவேண்டும் என்பதற்காகத்தான் இந்த வரி’ என்று தேர்தல் மேடையில் சொன்னது சட்ட வாசகத்தில் இல்லையென்றால் அது காற்றோடு போன பேச்சு.

ஏன் வாசகத்தில் எழுதுவதில்லை? கலிஃபோர்னியாவில் அதற்குத் தெளிவான காரணம் உண்டு. 1996இல் அங்கே வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆவது முன்மொழிவின்படி, பொதுச் செலவுக்கான வரிக்குப் பாதிக்கு மேல் ஓட்டு போதும். குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி என்று எழுதிவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். எனவே நோக்கத்தை வாயால் சொல்லி, தாளில் விட்டுவிடுவது வசதி. நேர்மையாக எழுதப்போனால் என்ன ஆகும் என்பதற்கு சான் டியாகோ ஒரு பாடம். மாநாட்டு மைய விரிவாக்கம், வீடற்றோர் சேவை, சாலை என்று நோக்கங்களைச் சொல்லித் தங்கல் வரியை உயர்த்தும் ‘மெஷர் சி’ என்ற முன்மொழிவு, 2020 மார்ச்சில் வாக்கெடுப்புக்கு வந்தது. சுமார் 65% ஓட்டு விழுந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கு ஒன்றரை சதவீதப் புள்ளிக்கும் குறைவான தூரம். இது நகர மன்றம் கொண்டுவந்ததல்ல, குடிமக்கள் கையெழுத்து திரட்டிக் கொண்டுவந்தது, ஆகவே சாதாரணப் பெரும்பான்மையே போதும் என்று வாதாடி வென்று, வசூல் தொடங்கியபோது 2025 மே மாதம் ஆகிவிட்டது. அதுவரை விகிதம் பழைய 10.5%தான். இடையில் ஐந்து வருடம்.

அந்தப் பழைய 10.5%ஐயும் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு டாலர் வாடகைக்கும் வசூலாகும் பத்தரை சென்டில் ஐந்தரை சென்ட் பொதுச் செலவுக்கு, நான்கு சென்ட் நகரை முன்னிறுத்தும் வேலைக்கு, ஒரு சென்ட் மன்றத்தின் விருப்பத்துக்கு என்று நகர விதியிலேயே பிரித்திருந்தார்கள். பார்க்க அழகான பங்கீடு. ஆனால் ‘நகரை முன்னிறுத்தும் வேலை’ என்பது ரப்பர் மாதிரி. எதை வேண்டுமானாலும் அதற்குள் இழுத்து வைக்கலாம், பணம் வறண்ட காலத்தில் கட்டாயம் வைப்பார்கள்.

ரப்பரை இறுக்க முயன்ற மாநிலங்களும் உண்டு. டெக்சாஸ் வரிச் சட்டத்தின் 351ஆம் அத்தியாயத்தில் நகர விகிதம் பொதுவாக 7%க்கு மேல் போக முடியாது. மாநிலத்தின் 6% தனி. நகரத்தின் பங்கைச் செலவழிக்க இரண்டு கேள்விகளைத் தாண்ட வேண்டும். ஒன்று, இந்தச் செலவு சுற்றுலாவை மட்டுமல்லாமல் விடுதித் தொழிலையும் நேரடியாக வளர்க்கிறதா? இரண்டு, சட்டம் எண்ணிக்கொடுத்த வகைகளில் ஒன்றில் இது அடங்குகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால்தான் செக். உள்ளூர்க்காரர்களே வந்து பார்த்துவிட்டு இரவு தங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கும் திருவிழா முதல் கேள்வியிலேயே அடிபடும். கேட்க வேண்டியது கூட்டம் எவ்வளவு என்பதல்ல, எத்தனை தலையணை நிரம்பியது என்பது.

ஓரிகன் வேறு வழியில் போனது. 2003 சட்டப்படி, அதன்பின் புதிதாக விதித்த அல்லது உயர்த்திய உள்ளூர்த் தங்கல் வரியில் 70% சுற்றுலா விளம்பரத்துக்கோ சுற்றுலா சார்ந்த கட்டுமானத்துக்கோதான். மீதி 30% நகரத்தின் இஷ்டம். கட்டுமானம் என்றால் மாநாட்டு மையம், தகவல் மையம், அல்லது பத்து ஆண்டாவது உழைக்கக்கூடிய, சுற்றுலாவைக் கணிசமான நோக்கமாகக் கொண்ட கட்டடம். கடற்கரைச் சிற்றூர்களின் மனத்தாங்கல் இங்கேதான். கூட்டம் வந்து குவிவது விளம்பரம் இல்லாமலே. கட்டடம் என்றால் வாதாடிப் பார்க்கலாம். கோடையில் கூடுதல் காவலருக்கும் ஆம்புலன்ஸுக்கும் சம்பளம் வேண்டும் என்றால் 30% பக்கம்தான் கை நீட்ட வேண்டும். விளம்பரத்துக்குப் பணம் இருக்கிறது, வந்தவர்களைச் சமாளிக்க இல்லை. என் பார்வையில், எண்ணைச் சட்டத்தில் பூட்டியதன் விலை இது. பூட்டாமல் விட்டால் வேறு விலை. இரண்டில் ஒன்றைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்த இழுபறிக்கு விடுதிக்காரர்களே கண்டுபிடித்த மாற்றுவழிதான் பில்லின் கடைசி வரி. 1989இல் வெஸ்ட் ஹாலிவுட்டில் முதல் சுற்றுலா மேம்பாட்டு மாவட்டம் வந்தது. அடிப்படை எளிது. விடுதிகள் தங்களுக்குத் தாங்களே ஒரு கட்டணம் விதிக்கும்படி நகரத்தைக் கேட்கின்றன. நகரம் விதித்து, தன் வரியோடு சேர்த்து வசூலித்து, நிர்வாகச் செலவுக்கு ஒரு சிறு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியை விடுதிக்காரர்கள் அமர்ந்திருக்கும் லாப நோக்கற்ற சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்கிறது. கட்டணம் விடுதி மீதுதான். அதை விருந்தினர் பில்லில் ஏற்றிக்கொள்ள விடுதிக்கு அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. நடைமுறையில் ஏற்றாத விடுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, கிட்டத்தட்ட அதுதான். கட்டுபவர் விருந்தினர், கையெழுத்துப் போடுபவர் விடுதி முதலாளி, உடைப்பவர் சங்கம். இந்த ஏற்பாட்டின் பலமும் கோளாறும் இந்த மூவரும் மூன்று பேராக இருப்பதிலிருந்தே கிளம்புகின்றன.

கலிஃபோர்னியாவின் 1994 சட்டத்தின்படி ஒரு மாவட்டம் உருவாகும் விதம் இது. முதல் தாள் மேலாண்மைத் திட்டம். எல்லை எது, எந்தெந்த விடுதி, விகிதம் என்ன, எத்தனை ஆண்டு, பணம் எந்தத் தலைப்பில் எத்தனை சதவீதம் என்று எல்லாம் அதில் இருக்க வேண்டும். பிறகு மனு. மொத்தக் கட்டணத்தில் பாதிக்கு மேல் கட்டப்போகிற உரிமையாளர்கள் கையெழுத்திட வேண்டும். எண்ணுவது தலையை அல்ல, டாலரை. ஆகையால் ஒரு சங்கிலி நிறுவனம் நான்கு பெரிய ஓட்டலை வைத்திருந்தால் ஊரையே முடிவு செய்துவிடும் அபாயம் உண்டு. சட்டம் அதற்கு ஒரு தடுப்பு வைத்திருக்கிறது: ஒரே உரிமையாளரின் பங்கு 40%ஐத் தாண்டினால் தாண்டிய பகுதி கணக்கில் சேராது. மனு போதுமான அளவு வந்ததும் நகர மன்றம் தன் எண்ணத்தைத் தீர்மானமாக வெளியிட்டு, எல்லா விடுதிக்கும் தபாலில் அறிவிப்பு அனுப்பி, பொது விசாரணை நடத்தும். பாதிக்கு மேல் கட்டணம் கட்டுபவர்கள் எழுத்தில் எதிர்த்தால் அங்கேயே கதை முடிந்தது. முதல் முறை அதிகபட்சம் 5 ஆண்டு, புதுப்பித்தால் 10 ஆண்டு வரை.

தபால் அறிவிப்பை அலட்சியமாக நினைக்கக்கூடாது. உரிமையாளர் ஒருவர், நடத்தும் நிறுவனம் இன்னொன்று, வாசலில் பெயர்ப்பலகை மூன்றாவது என்பது ஓட்டல் தொழிலில் சகஜம். மனுவில் கையெழுத்திட மேலாளருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்டு, அதற்கான கடிதத்தை மனுவோடு சேர்த்து வைக்காதவர்கள் பின்னால் தவிப்பார்கள். போதுமென்று நினைத்த 52% மனுவில் ஒரு பெரிய கையெழுத்து செல்லாமல் போனால் 47% ஆகிவிடும். 60%க்குக் குறைவாக வைத்துக்கொண்டு மன்றத்தின் கதவைத் தட்டவே கூடாது என்பேன்.

அடுத்தது, பலன் யாருக்கு என்ற கேள்வி. 2010இல் நிறைவேறிய 26ஆவது முன்மொழிவுக்குப் பிறகு, கட்டாத ஒருவருக்குப் பலன் போகாமல் கட்டுபவருக்கே போகிற சேவையாக இல்லாவிட்டால் அந்தக் கட்டணம் வரி என்றே கொள்ளப்படும். வரி என்றால் வாக்காளர் ஒப்புதல் வேண்டும். சான் டியாகோவின் சுற்றுலாச் சந்தைப்படுத்தல் மாவட்டம், மேலே சொன்ன மாநிலச் சட்டத்தின் கீழ் அல்லாமல் நகரத்தின் சொந்த விதியின் கீழ் 2008இல் தொடங்கி, 2012இல் ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு என்று நீட்டிக்கப்பட்டது இந்தச் சிக்கலின் நடுவில்தான். வழக்குகள் வந்தன. புதிதாகப் பதவியேற்ற மேயர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மறுத்ததால் 2013இன் தொடக்கத்தில் பணம் கைக்கு வராமல் நின்றது. விளம்பரம் நின்றது. இதிலிருந்து மற்ற மாவட்டங்கள் கற்றுக்கொண்ட பழக்கம் ஒன்று: விளம்பரத்தின் கடைசிச் சட்டகத்தில் ‘ஊருக்கு வாருங்கள்’ என்று முடிக்காமல், கட்டணம் கட்டும் விடுதிகளின் பட்டியலுக்கு இட்டுச்செல்லும் இணைப்பைப் போடுவது. அழகுக்காக அல்ல, சாட்சிக்காக.

நாற்பது ஆண்டு என்பது என் கண்ணுக்குப் பேராசை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை போய்க் கேட்க வேண்டும் என்ற பயம் இருக்கும் சங்கம்தான் கணக்கை ஒழுங்காக எழுதும்.

வரி போட அதிகாரமே இல்லாத நகரங்களும் இதே சந்தில் நுழைந்திருக்கின்றன. இங்கிலாந்தில் நகரங்களுக்குத் தங்கல் வரி போடும் உரிமை இல்லாத நிலையில், மான்செஸ்டர் 2023 ஏப்ரலில் வணிக மேம்பாட்டு மாவட்டச் சட்டத்தின் வழியாக அறைக்கு இரவுக்கு ஒரு பவுண்டு என்று தொடங்கியது. அங்கே வாக்கெடுப்பில் இரட்டைப் பெரும்பான்மை வேண்டும். தலைக்கணக்கிலும் பாதிக்கு மேல், சொத்து மதிப்புக் கணக்கிலும் பாதிக்கு மேல். கலிஃபோர்னியாவின் டாலர் ஓட்டைவிட இது சின்ன விடுதிக்கு நியாயமானது. ஸ்காட்லாந்து 2024இல் தனிச் சட்டமே போட்டு நேர்வழியில் போனது.

இனி கணக்கு. 100 அறை, ஆண்டு சராசரியில் 70% நிரம்புகிறது என்றால் விற்ற இரவுகள் 25,550. சராசரி வாடகை 200 டாலர் என்றால் 2% கட்டணம் 1,02,200 டாலர். சதவீதத்துக்குப் பதிலாக இரவுக்கு 4 டாலர் என்று வைத்தாலும் அதே தொகைதான். வித்தியாசம் மந்தத்தில் தெரியும். வாடகை 120க்கு விழுந்தால் சதவீதக் கட்டணம் 2.40 டாலராகச் சுருங்கும். நிலைத்தொகை 4 டாலராகவே நிற்கும். விளம்பரம் மிக அவசியமான நேரத்தில் பணம் கையில் இருப்பது இரண்டாவது முறையில். ஆனால் மலிவு விடுதிக்கு அது வலிக்கும். 60 டாலர் அறைக்கு 4 டாலர் என்பது கிட்டத்தட்ட 7%. சியாட்டில் 2011இல் நகர மையத்தில் 60 அறைக்கு மேற்பட்ட விடுதிகளுக்கு மட்டும் 2 டாலர் என்று தொடங்கியது இதற்கு ஒரு சமாதானம். சின்ன விடுதியை வெளியே விட்டுவிட்டால் சண்டையும் குறையும், மாநாட்டு விருந்தினர் வந்து தங்காத விடுதியிடம் மாநாட்டு விளம்பரத்துக்குப் பணம் வாங்கும் அபத்தமும் இருக்காது.

மென்பொருளில் நடக்கும் தவறு ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். சில நகரங்களில், விருந்தினர் மீது ஏற்றிய கட்டணமும் வாடகையின் பகுதியே என்று விதி. அப்படியானால் 12% வரியை 200 டாலரின் மேல் அல்ல, 204இன் மேல் போட வேண்டும். 24 டாலர் 24.48 ஆகும். வரவேற்பறைக் கணினியில் எந்தத் தொகையின் மேல் எது ஏறும் என்று வரிசைப்படுத்தியவர் இதைக் கவனிக்காவிட்டால் இரவுக்கு 48 சென்ட் குறையும். மேலே சொன்ன விடுதிக்கு ஆண்டுக்கு 12,264 டாலர். மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் வந்து உட்காரும்போது அபராதமும் வட்டியும் சேர்ந்திருக்கும். விருந்தினரோ எப்போதோ ஊருக்குப் போயாயிற்று. கைக்காசுதான். ஆகவே கட்டணம் அமலாகும் நாளுக்கு முன்பே ஒரு மாதிரி பில் அடித்து, நகரத்தின் வரிப் பிரிவுக்கு அனுப்பி, சரி என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். அதே நேரத்தில் விலக்குகளையும் கேட்டுவிடலாம்: அரசு ஊழியர், 30 நாளுக்கு மேல் தங்குபவர், இலவச அறை. வரிக்கு இருக்கும் விலக்கு கட்டணத்துக்கும் தானாக வரும் என்று நினைப்பது சகஜமான தப்பு.

விலையை எப்படிக் காட்டுவது என்பதிலும் அந்தப் பழைய வித்தியாசம் வந்து நிற்கும். அமெரிக்க மத்திய வணிக ஆணையத்தின் விதி 2025 மே 12 முதல் விடுதி விலையைக் கட்டாயக் கட்டணங்கள் சேர்த்து மொத்தமாகக் காட்டச் சொல்கிறது. அரசு நுகர்வோர் மீது விதிப்பதை மட்டும் அந்த மொத்தத்தில் சேர்க்காமல் விடலாம். மாவட்டக் கட்டணமோ விடுதி மீது விதித்தது. அந்த விலக்கு தனக்கும் பொருந்தும் என்று நம்பி இணையதளத்தில் குறைந்த விலையைப் போடுவது ஆபத்து.

பணம் ஒழுகும் ஓட்டைகள் மூன்று. முதலாவது, இணையத்தில் அறை விற்கும் முகவர்கள். விருந்தினர் 150 டாலர் கட்டுகிறார், ஓட்டலுக்கு 120 வருகிறது. வரி எதன் மேல்? நகரங்கள் 150 என்றன. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சான் டியாகோ வழக்கில் முகவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இடைத்தொகைக்கு வரி இல்லை. நகரத்தின் விதி வாசகத்தைப் பொறுத்த தீர்ப்பு அது. ‘விடுதி நடத்துபவர் பெறும் வாடகை’ என்பதற்கும் ‘விருந்தினர் செலுத்தும் தொகை’ என்பதற்கும் நடுவில் அந்த 30 டாலர் கிடக்கிறது. இரண்டாவது, ‘ரிசார்ட் கட்டணம்’ என்ற பெயரில் வாடகையின் ஒரு துண்டை வெட்டி வேறு வரிக்கு மாற்றுவது. அடிப்படையை வரையறுக்கும்போதே ‘அறையைப் பெறத் தவிர்க்க முடியாத எல்லாத் தொகையும்’ என்று எழுதினால் இது அடைபடும். மூன்றாவது, வீடுகளைக் குறுகிய காலத்துக்கு வாடகைக்கு விடுவோர். அவர்களுக்காக முன்பதிவு வாங்கும் இணையதளம் மொத்தமாக ஒரு தொகையை நகரத்துக்கு அனுப்பிவிடும், எந்த வீடு எத்தனை இரவு என்ற விவரம் இருக்காது. அதை வைத்து மாவட்ட எல்லைக்குள் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஒப்பந்தத்தில் விவரத்தைக் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்ட நகரங்கள் இதில் மாட்டிக்கொண்டன.

ஜெர்மனியில் ஓட்டை வேறு மாதிரி விழுந்தது. 2012இல் மத்திய நிர்வாக நீதிமன்றம், தொழில்நிமித்தம் தங்குபவரிடம் படுக்கை வரி வாங்கக்கூடாது என்றது. விளைவு, வரவேற்பறையில் ஒவ்வொருவரிடமும் ‘சொந்த வேலையா, ஆபீஸ் வேலையா’ என்று கேட்டு, படிவம் வாங்கிக் கோப்பில் வைக்கும் கூத்து. 2022இல் அரசியல் சாசன நீதிமன்றம் அப்படிப் பிரிக்கத் தேவையில்லை என்று சொல்லும்வரை பத்து வருடம் அது ஓடியது. அங்கேயும் இரண்டு வகை உண்டு. குணமடைய வரும் ஊர்களில் வாங்கும் கூர்டாக்ஸ அந்த ஊரின் வசதிகளுக்கே செலவாக வேண்டிய பங்களிப்பு. படுக்கை வரி பொதுக் கருவூலத்துக்கு.

பணம் சங்கத்தின் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான சோதனை. அடுத்தவர் பணம் என்றால் கை தாராளமாகும். முதல் பாவம், ஏற்கனவே நிரம்பும் வாரயிறுதிக்கு விளம்பரம் செய்வது. 95% நிரம்பிய ஜூலை சனிக்கிழமைக்கு இன்னும் பத்தாயிரம் பேரை ஆசைகாட்டி என்ன பயன்? வாரநாள் வாரியாக, மாதம் வாரியாக நிரம்பல் அட்டவணையைச் சுவரில் ஒட்டி, 60%க்குக் கீழ் இருக்கும் கட்டங்களுக்கு மட்டும் பணம் என்று முடிவு செய்கிற சங்கம் பிழைக்கும். அந்தக் கட்டங்களை நிரப்புவது பெரும்பாலும் அழகிய வீடியோ அல்ல, மாநாடும் விளையாட்டுப் போட்டியும்.

அங்கே ஒரு நடைமுறை. மாநாட்டுக்காரர் 1,200 அறை-இரவு வரும் என்று வாக்களித்து, இரவுக்கு 8 டாலர் மானியம் கேட்கிறார் என்று வைப்போம். முன்கூட்டி 9,600ஐத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வந்தது 850 இரவு என்றால் மீதியைத் திரும்ப வாங்குவது கனவு. நிகழ்ச்சி முடிந்து ஓட்டல்கள் எண்ணிக்கையை உறுதி செய்தபின் 6,800 கொடுப்பதே முறை. அதிலும் ஒரு முடிச்சு: பிரதிநிதிகளில் பலர் ஒதுக்கிய அறைகளை விட்டுவிட்டு இணையத்தில் மலிவாக எடுத்திருப்பார்கள். பதிவுப் பட்டியலையும் ஓட்டல்களின் விருந்தினர் பட்டியலையும் பெயர் பொருத்திப் பார்க்க ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் இருந்தால், அவர்களையும் நியாயமாக எண்ணலாம்.

‘ஒரு டாலர் போட்டால் இருபது டாலர் வந்தது’ என்ற அறிக்கைகளை நான் அப்படியே நம்புவதில்லை. விளம்பரத்தைப் பார்த்தவர்களில் வந்தவர்கள் எல்லோரும் விளம்பரத்தால் வந்தவர்கள் அல்ல. ஏற்கனவே வர முடிவு செய்தவர்தான் அந்த ஊர் விளம்பரத்தை நின்று பார்ப்பார். விளம்பரம் ஓடாத ஒரு சந்தையை வேண்டுமென்றே விட்டுவைத்து ஒப்பிட்டால் கொஞ்சம் உண்மை தெரியும். மறுபக்கமும் இருக்கிறது. கொலராடோவில் 1993இல் மாநிலச் சுற்றுலா விளம்பரத்துக்கான வரி வாக்காளர்களால் முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மாநிலத்தின் சந்தைப் பங்கு சரிந்தது என்பதை இன்றைக்கும் எல்லாச் சுற்றுலாச் சங்கங்களும் மேற்கோள் காட்டும். சரிவின் அளவைச் சொன்னது விளம்பரப் பலனை அளந்து பிழைக்கும் ஆய்வு நிறுவனம் என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம்.

இந்தப் பணத்தின் இன்னொரு குணம், அது தாமதமாக வரும். மார்ச் மாத வாடகைக்கான கட்டணத்தை விடுதி ஏப்ரல் இறுதியில் செலுத்தும், நகரம் எண்ணிச் சங்கத்துக்கு அனுப்பும்போது ஜூன் ஆகலாம். கோடை விளம்பரத்துக்கான இடத்தை வாங்க வேண்டியதோ பிப்ரவரியில். 2020இல் அறைகள் காலியானபோது சுற்றுலா அலுவலகங்களும் அடி வாங்கின. நான்கு முதல் ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைக்க மேலாண்மைத் திட்டத்திலேயே ஒரு தலைப்பு வேண்டும். இல்லாவிட்டால், சேர்த்து வைத்த பணத்தைப் பார்த்துவிட்டு ‘உங்களுக்குத்தான் தேவையே இல்லையே’ என்று மன்றத்தில் யாராவது எழுந்து நிற்பார்கள்.

கலிஃபோர்னியாச் சட்டத்தில் விலகவும் வழி இருக்கிறது. ஒவ்வொரு ஆண்டும் 30 நாள் கதவு திறந்திருக்கும். பாதிக் கட்டணத்துக்கு உரியவர்கள் அதற்குள் மனுக் கொடுத்தால், மாவட்டத்தைக் கலைப்பது பற்றி மன்றம் விசாரணை நடத்த வேண்டும். கலைத்தால் கடனையெல்லாம் அடைத்தபின் மிஞ்சும் பணத்தை, கடைசி ஆண்டின் கட்டண விகிதத்திலேயே அங்கே அப்போது தொழில் நடத்தும் உரிமையாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பில்லின் கடைசி வரியில் அந்த 4 டாலரைக் கட்டியவர் உரிமையாளர் இல்லை. அவருக்கு வரும் செக் எதுவும் இல்லை.